ஏழாவது யூனிட்டில் மட்டும் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் திரும்பத் திரும்ப எரிகிறது: 150 விஏ போடலாமா?

கேள்வி: கூரைக்காற்று

வணிகக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் நிற்கும் ஏழு பேக்கேஜ் ஏசிகளை நான் பராமரித்து வருகிறேன். ஆறு யூனிட்டுகள் ஒழுங்காக ஓடுகின்றன. ஏழாவது யூனிட்டில் மட்டும், கான்டாக்டர்களுக்கும் (கம்ப்ரஸரை இயக்கி நிறுத்தும் மின்காந்த சுவிட்சுகள்) தெர்மோஸ்டாட்டுக்கும் 24 வோல்ட் கொடுக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இந்தக் கோடையில் மூன்று முறை எரிந்துவிட்டது. முதலாவது ஐந்து வாரம் தாங்கியது, இரண்டாவது மூன்று வாரம், மூன்றாவது ஏறக்குறைய ஒரு மாதம்.

யூனிட்டின் பெயர்ப்பலகையில் 208-230 வோல்ட், 3 பேஸ், 60 ஹெர்ட்ஸ் என்று உள்ளது. இரண்டு கம்ப்ரஸர்கள், ஒரு ப்ளோயர், இரண்டு கன்டென்சர் விசிறிகள், வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் டேம்பர் மோட்டார் ஒன்று, கட்டடக் கட்டுப்பாட்டோடு பேசும் பலகை ஒன்று ஆகியவை இதில் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் 75 விஏ (வோல்ட்-ஆம்பியர், அதாவது அது தாங்கும் சுமை). பழைய யூனிட்டை இறக்கிவிட்டு இதை ஏற்றி ஓராண்டு ஆகிறது.

எரிந்த மூன்றிலும் ஒரே அடையாளம்தான் தெரிகிறது. உயர் வோல்டேஜ் வரும் முதன்மைச் சுருளில் ஓம் மீட்டர் எதையும் காட்டுவதில்லை, அதாவது சுற்று அறுந்திருக்கிறது. 24 வோல்ட் தரும் துணைச் சுருள் நன்றாகவே இருக்கிறது. மேலே சுற்றியுள்ள காகிதம் பழுப்பேறி, வார்னிஷ் கருகிய வாடை வீசுகிறது. துணைச் சுற்றில் உள்ள 3 ஆம்பியர் பியூஸ் ஒருமுறைகூடப் போகவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத புதிராக உள்ளது.

75 விஏ போதவில்லை என்று எண்ணி, 150 விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்று இருக்கிறேன். இது சரியான முடிவா, அல்லது வேறு எதையாவது முதலில் பார்க்க வேண்டுமா?

மறுமொழி 1: செம்புச்சுருள்

150 விஏ போடுவதைத் தற்போதைக்கு ஒத்தி வையுங்கள். இப்போது டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து உங்களுக்குச் செய்தி சொல்கிறது. அதைப் பெரிதாக்கினால் அடுத்து கான்டாக்டரை இழுக்கும் காயிலோ, தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் மெல்லிய கம்பியோ அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும். வட அமெரிக்க மின்விதிகளில் கிளாஸ் 2 எனப்படும் குறைந்த அழுத்தச் சுற்றுகளுக்கு 100 விஏ என்ற உச்சவரம்பு இருப்பதும் இதனால்தான். அந்த வரம்பைத் தாண்டினால், கம்பியையும் அது செல்லும் வழியையும் கடுமையான விதிகளின்படி மாற்ற வேண்டி வரும்.

ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை நாளில் சாகிறது என்பதே பாதி நோயறிதல் என்பது என் அனுபவம். மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் புகைந்தால், எங்கோ நேரடி ஷார்ட் இருக்கிறது. மழை பெய்த நாளில் மட்டும் போனால், தோல் உரிந்த கம்பி எங்கேயாவது தகரத்தில் படுகிறது. மூன்று வாரம், ஐந்து வாரம் என்று இழுத்துச் சாவது, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி இன்சுலேஷன் வெந்துபோனதன் அடையாளம். பல டிரான்ஸ்ஃபார்மர்களில் முதன்மைச் சுருளுக்குள் வெப்பத்தால் அறுபடும் சிறு பியூஸ் ஒன்றைப் புதைத்திருப்பார்கள். உங்களுடைய மூன்றிலும் அதுவே அறுந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் 3 ஆம்பியர் பியூஸ் போகாததற்கும் இது பொருந்துகிறது. மின்னோட்டம் 3 ஆம்பியரைத் தாண்டுவது கணப்பொழுதுகளில் மட்டுமே என்றால் பியூஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் அந்தக் கணங்கள் ஓயாமல் அடுத்தடுத்து வந்தால் சுருளின் சூடு தணிவதற்கு இடமே இருக்காது.

ஆகவே நான் முதலில் பார்ப்பது முதன்மைப் பக்க முனைகளைத்தான். 208-230 யூனிட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பொதுக் கம்பி ஒன்றும், 208-க்கு ஒன்றும், 230 அல்லது 240-க்கு ஒன்றும் தனித்தனியாக வெளியே வந்திருக்கும். பெரும்பாலான யூனிட்டுகள் ஆலையிலிருந்து 230 முனையில் இணைக்கப்பட்டே வருகின்றன. உங்கள் கட்டடத்தின் மின்சாரம் 208 வோல்ட் என்றால், 230 முனையில் 208 வோல்ட் கொடுக்கும்போது துணைச் சுருளில் கிடைப்பது 24 அன்று, 21.7 வோல்ட்தான். வெறுமனே அளந்து பார்த்தால் மீட்டர் 23-க்கு மேல் காட்டி உங்களை ஏமாற்றும், ஏனென்றால் இவ்வகைச் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் சுமை இல்லாதபோது சற்று அதிகமாகவே காட்டும். கான்டாக்டர் இழுக்கும் அந்த நொடியில் அளக்க வேண்டும்.

குறைந்த வோல்டேஜ் எப்படி டிரான்ஸ்ஃபார்மரைச் சுடும் என்று நீங்கள் கேட்கலாம். மாறுமின்சாரத்தில் ஓடும் காயிலின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது கம்பியின் ஓம் அளவைவிட, உள்ளே இருக்கும் இரும்பு மூடியிருக்கிறதா என்பதுதான். கான்டாக்டர் முழுமையாக மூடிய பிறகு காயில் 8 அல்லது 10 விஏ எடுக்கும். இரும்புக்கு இடையே காற்று இடைவெளி இருக்கும்வரை அதைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு எடுக்கும். போதிய வோல்டேஜ் இல்லாமல் கான்டாக்டர் மூடவும் முடியாமல், விடவும் முடியாமல் படபடத்துக்கொண்டிருந்தால், அந்த உயர்ந்த மின்னோட்டம் நிற்கவே நிற்காது. கான்டாக்டர்கள் தமது வோல்டேஜில் 85 முதல் 110 விழுக்காடு வரை ஒழுங்காக மூட வேண்டும் என்பது பொதுவான தரம். 24 வோல்ட் காயிலுக்கு அந்தக் கீழ் எல்லை 20.4 வோல்ட்.

முனையை மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. கம்பியின் நிறத்தை நம்பாமல் டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஒட்டியுள்ள படத்தைப் பார்த்து இணையுங்கள். பயன்படுத்தாமல் விடும் முனையிலும் உயர் வோல்டேஜ் இருக்கும், அதனால் அதை மூடியிட்டுக் காப்பிடாமல் விடக் கூடாது.

மறுமொழி 2: முழுஅலை

முந்தைய பதிலோடு எனக்கு மாறுபாடு இல்லை என்றாலும், கட்டடக் கட்டுப்பாட்டுப் பலகை என்ற ஒரு சொல் என் கண்ணை உறுத்துகிறது. டேம்பர் மோட்டாரும் அந்தப் பலகையும் ஒரே 24 வோல்ட் சுருளிலிருந்து மின்சாரம் எடுத்தால், இரண்டின் உள்ளேயும் ஏசியை டிசியாக்கும் முறை ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒன்று ஒற்றை டையோடு கொண்ட அரைஅலை வகையாகவும், மற்றொன்று நான்கு டையோடு கொண்ட முழுஅலை வகையாகவும் இருந்து, அவற்றின் சிக்னல் பொது முனைகள் எங்கேயாவது ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றின் பாதியிலும் ஒரு டையோடு வழியாக டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் ஆகும். டையோடு வெடித்தால் சிக்கல் உடனே தெரிந்துவிடும். அது தாங்கிக்கொண்டால் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். இதைச் சோதிக்க, பலகையின் சிக்னல் கம்பிகளைக் கழற்றிவிட்டு, கிளாம்ப் மீட்டரைத் துணைச் சுற்றின் ஒரு கம்பியில் மாட்டி, கழற்றுவதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆம்பியரை ஒப்பிட்டாலே போதும். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் கம்பியைக் கிளாம்புக்குள் பத்துச் சுற்று சுற்றி, வரும் அளவைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பெட்டியின் கதவு விளிம்பிலும், தகரத் துளைகளிலும் கம்பி உரசிய இடம் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத உரசல் விரலுக்குத் தெரியும். மின்சாரத்தை நிறுத்திய பிறகு என்று சொல்லத் தேவையில்லை.

கூரைக்காற்று

இருவருக்கும் நன்றி. நேற்று காலை முழுவதும் மாடியில்தான் இருந்தேன்.

முதலில் பலகையைப் பார்த்தேன். சிக்னல் கம்பிகளைக் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் துணைச் சுற்றின் மின்னோட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை; டேம்பர் மோட்டாரும் பலகையும் ஒரே வகை என்று அவற்றின் கையேடுகளும் சொல்கின்றன. கம்பிகளில் உரசலும் இல்லை. எல்லாம் ஓடும்போது துணைச் சுற்றில் 2.5 ஆம்பியர், அதாவது 60 விஏ அளவுக்கே போகிறது. ஆகவே 75 விஏ போதவில்லை என்ற என் எண்ணம் தவறு.

முனையைப் பற்றிச் சொன்னது உண்மை. டிரான்ஸ்ஃபார்மர் 230 முனையில்தான் இருக்கிறது. மூன்று முறையும் பழையதில் இருந்ததைப் பார்த்து அப்படியே புதியதில் இணைத்தவன் நான்தான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மீட்டரை மிகக் குறைந்த அளவைப் பதிவுசெய்யும் நிலையில் வைத்து எடுத்த அளவுகள் இவை. யூனிட் சும்மா நிற்கும்போது பேஸ்களுக்கு இடையே 206 வோல்ட். முதல் கம்ப்ரஸர் ஓடும்போது 204. இரண்டாவது கம்ப்ரஸர் தொடங்கும் நொடியில் 189. அதே நொடியில் 24 வோல்ட் பக்கம் 19.2 வரை இறங்குகிறது, இரண்டாவது கான்டாக்டர் அப்போது இரண்டு மூன்று முறை அடித்துக்கொண்டுதான் அமர்கிறது. இதுநாள்வரை அந்தச் சத்தத்தைக் கம்ப்ரஸர் உதறல் என்று நினைத்துவந்தேன்.

விட்டுப்போன ஒரு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். மற்ற ஆறு யூனிட்டுகளும் கட்டடத்தின் 480 வோல்ட்டில் நேரடியாக ஓடுபவை. இந்த ஏழாவது மட்டும், கீழே மின்னறையில் உள்ள 480-க்கு 208 உலர்வகை டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓடுகிறது. அது 30 கேவிஏ (30,000 விஏ), பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் (முழுச் சுமையில் வோல்டேஜ் எவ்வளவு சரியும் என்பதன் அளவுகோல்) 4 விழுக்காடு என்று உள்ளது. வேறு எந்தச் சுமையும் அதில் இல்லை. பழைய யூனிட் இதைவிடச் சிறியது, ஒரே கம்ப்ரஸர் கொண்டது.

மறுமொழி 3: பழையபேனல்

கடைசிப் பத்தியை முதலிலேயே எழுதியிருந்தால் நாம் பாதி வழியில் நின்றிருக்கலாம், பரவாயில்லை. உங்கள் சிக்கலில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. மேலே எரிவது சின்னது, அதை எரிய வைப்பதில் கீழே உள்ள பெரியதுக்கும் பங்கு உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் யூனிட்டின் பெயர்ப்பலகையில் இரண்டு அளவுகள் இருக்கும்: கம்பிக்குத் தேவையான குறைந்தபட்ச ஆம்பியர் ஒன்று, கம்ப்ரஸரின் பூட்டிய சுழலி மின்னோட்டம் (மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் இழுப்பது) ஒன்று. இந்த அளவு யூனிட்டில் முதலாவது 60 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 60 பெருக்கல் 208 பெருக்கல் 1.732, ஏறக்குறைய 21.6 கேவிஏ. ஓட்டத்துக்கு 30 கேவிஏ தாராளமாகப் போதும், யூனிட்டை மாற்றியவர்களும் இந்தக் கணக்கோடு நின்றிருப்பார்கள். தொடக்கத்துக்கு நிலைமை வேறு. பூட்டிய சுழலி மின்னோட்டம் 150 ஆம்பியர் என்றால் அது 54 கேவிஏ. இந்தத் தொடக்கச் சுமையை டிரான்ஸ்ஃபார்மரின் கேவிஏவால் வகுத்து, இம்பீடன்ஸால் பெருக்கினால், தொடக்கத்தில் வோல்டேஜ் எவ்வளவு சரியும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 54-ஐ 30-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் 7.2 விழுக்காடு. நீங்கள் அளந்தது 204-இலிருந்து 189, அதாவது 7.4 விழுக்காடு. காகிதமும் மீட்டரும் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவது அடிக்கடி நடப்பதில்லை. உங்கள் பெயர்ப்பலகையில் உள்ள சரியான எண்களைப் போட்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கான்டாக்டர் மூடும் அந்தக் கணத்தை நிதானமாகப் பாருங்கள். காயிலுக்கு மின்சாரம் வந்து, நகரும் இரும்பு கீழே இறங்கத் தொடங்குகிறது. இரும்பு முழுமையாக அமர்வதற்குச் சற்று முன்பே முக்கியத் தொடுமுனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. தொட்டவுடன் கம்ப்ரஸர் 150 ஆம்பியர் இழுக்கிறது, 204 வோல்ட் 189 ஆகிறது. 230 முனையில் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அந்த 189-ஐ 19.7 வோல்ட்டாக மாற்றுகிறது, காயிலின் தொடக்க மின்னோட்டமும் சேர்ந்து அதை 19.2-க்கு இறக்குகிறது. 20.4-க்குக் கீழே போய்விட்டதால் இரும்பு அமர முடியாமல் பின்வாங்குகிறது. தொடுமுனை பிரிந்ததும் கம்ப்ரஸர் நிற்கிறது, வோல்டேஜ் உடனே மீள்கிறது, காயில் மறுபடி இழுக்கிறது. நீங்கள் கேட்ட சத்தம் இதுதான். மூடாத இரும்போடு ஒவ்வொரு அடியிலும் காயில் 50, 60 விஏ எடுக்கிறது. வெயில் உச்சியில் இருக்கும் நாளில் இரண்டாவது கம்ப்ரஸர் மணிக்குப் பலமுறை ஏறி இறங்கும். சின்ன டிரான்ஸ்ஃபார்மரை இது ஒரு மாதத்தில் முடித்துவிடும்.

செய்ய வேண்டியவற்றை எளிதானதிலிருந்து சொல்கிறேன். சின்ன டிரான்ஸ்ஃபார்மரை 208 முனைக்கு மாற்றுங்கள். அதே 189 வோல்ட் அப்போது 21.8 வோல்ட் கொடுக்கும், கீழ் எல்லைக்கு மேலே வந்துவிடுவீர்கள். இது ஒன்றே பெரும்பாலும் போதும்.

அடுத்து, கீழே உள்ள உலர்வகை டிரான்ஸ்ஃபார்மரின் 480 வோல்ட் பக்கத்தில், 2.5 விழுக்காடு இடைவெளியில் முனைகள் இருக்கும். 480 பக்கத்தை அளந்து பாருங்கள். அங்கே 476 இருந்தால், 468 முனைக்கு மாற்றும்போது 208 பக்கம் சும்மா நிற்கையில் 211 வரை ஏறும். இன்னும் ஒரு படி கீழே 456 முனைக்குப் போனால் 217 கிடைக்கும், யூனிட்டுக்கு அதுவும் ஆபத்தில்லை, ஏனென்றால் 208-230 யூனிட்டுகள் வழக்கமாக 187 முதல் 253 வோல்ட் வரை ஓட அனுமதிக்கப்பட்டவை. ஆயினும் இரவில் கட்டடத்தின் சுமை குறைந்து 480 பக்கம் ஏறும்போது எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் இரண்டு படி இறங்க நான் விரும்ப மாட்டேன். மூன்று சுருள்களிலும் ஒரே முனைக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மறந்துவிட்டால் மூன்று பேஸ்களும் சமமில்லாமல் போகும். பேஸ் வோல்டேஜில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வு மோட்டாரின் மின்னோட்டத்தில் ஆறு முதல் பத்து மடங்காகப் பெருகிக் காட்டும் என்பதால், கம்ப்ரஸர் அதற்கு விலை கொடுக்கும். 480 பக்கத்தைப் பூட்டி, அட்டை மாட்டி, மின்சாரம் இல்லை என்பதை அளந்த பிறகே மூடியைத் திறங்கள்.

மூன்றாவது, இரண்டு கம்ப்ரஸர்களும் ஒருபோதும் ஒன்றாகத் தொடங்கக் கூடாது. மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது இரண்டும் சேர்ந்து ஏறினால் சரிவு 14 விழுக்காட்டைத் தாண்டும். அப்போது எந்த முனையும் காப்பாற்றாது. கட்டுப்பாட்டுப் பலகையில் இரண்டாவது கம்ப்ரஸருக்கு நேர இடைவெளி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

30 கேவிஏவை 45 ஆக மாற்றினால், இம்பீடன்ஸ் அதேயாக இருந்தால், சரிவு 4.8 விழுக்காடாகக் குறையும். இப்போதைக்கு அது வேண்டியதில்லை.

மாடிப்படி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் யூனிட் ஒன்றில் இரண்டு 40 விஏ டிரான்ஸ்ஃபார்மர்களை இணையாகச் சேர்த்திருக்கிறார்கள். இப்படிச் செய்யலாமா?

மறுமொழி 4: செம்புச்சுருள்

ஆலையே அப்படி வடிவமைத்திருந்தால் தவிர, நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் ஒரே மாதிரியாக, ஒரே பேஸ்களில், ஒரே திசையில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இணைப்பதற்கு முன் இரண்டு துணைச் சுருள்களிலும் ஒவ்வொரு கம்பியை ஒன்றாக முடிந்து, மிஞ்சிய இரண்டு கம்பிகளுக்கு இடையே அளக்க வேண்டும். சுழியத்துக்கு அருகே காட்டினால் திசை சரி. 48 வோல்ட்டுக்கு அருகே காட்டினால் தவறு, அப்படியே இணைத்தால் இரண்டும் கருகும்.

திசை சரியாக இருந்தாலும் ஒரு ஆபத்து மிஞ்சுகிறது. ஒன்றின் முதன்மைப் பியூஸை மட்டும் கழற்றிவிட்டு அது செத்துவிட்டது என்று நினைத்துக் கை வைத்தால், மற்றதன் 24 வோல்ட் இதன் துணைச் சுருளுக்குள் போய், முதன்மைப் பக்கத்தில் 208 வோல்ட்டாக வெளியே வரும். ஒரு முறை இந்த அடியை வாங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன். சுமையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுத்துவிடுவதே நல்லது.

கூரைக்காற்று

செய்து முடித்தவற்றை எழுதிவிடுகிறேன். சின்ன டிரான்ஸ்ஃபார்மரை 208 முனைக்கும், கீழே உள்ளதை மூன்று சுருள்களிலும் 468 முனைக்கும் மாற்றினேன். 480 பக்கம் 476 என்பது சரியாக இருந்தது, பூட்டிய சுழலி மின்னோட்டமும் பெயர்ப்பலகையில் 150 தான். இப்போது முதல் கம்ப்ரஸர் ஓடும்போது 210 வோல்ட், இரண்டாவது தொடங்கும் நொடியில் 195. அந்த நொடியில் 24 வோல்ட் பக்கம் 22.0-க்குக் கீழே போகவில்லை. கான்டாக்டர் ஒரே அடியில் அமர்கிறது. இரவு பதினொரு மணிக்கும் ஏறி அளந்தேன், 208 பக்கம் 215-ஐத் தாண்டவில்லை. இரண்டாவது கம்ப்ரஸருக்கு ஐந்து நிமிட இடைவெளி ஏற்கெனவே கட்டுப்பாட்டுப் பலகையில் அமைக்கப்பட்டிருந்தது.

டிரான்ஸ்ஃபார்மரின் மேல் உடம்பு முன்பு கை வைக்க முடியாமல் கொதிக்கும். இப்போது கையை வைத்துப் பத்து வரை எண்ண முடிகிறது. அதே 75 விஏதான்.

மறுமொழி 5: பழையபேனல்

நல்லது. இரண்டாவது கான்டாக்டரையும் மாற்றிவிடுங்கள். ஒரு கோடை முழுவதும் 150 ஆம்பியரில் அடித்துக்கொண்ட தொடுமுனைகளைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளி முகம் கருத்து, மூன்றில் ஒன்றிலாவது பள்ளம் விழுந்திருக்கும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த முறை அது ஒட்டிக்கொள்ளும், ஒரு பேஸ் விட்டுப்போய் இரண்டு பேஸில் ஓடும் கம்ப்ரஸர் சில நிமிடங்களில் எரிந்துவிடும். மாற்றும்போது இரும்பின் இரு முகங்களும் துருவும் தூசியும் இல்லாமல் ஒட்டி அமர்கின்றனவா என்றும் பாருங்கள், உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு டிரான்ஸ்ஃபார்மரின் சூட்டை இன்னொரு முறை அளந்து எழுதுங்கள்.